விரல் இல்லாத கைக்கு 3டி பிரிண்ட்ல செயற்கைக் கை: அளவெடுக்கிறதுல இருந்து மாட்டிப் பாக்கிற வரைக்கும்

காட்பாடியில வீட்டு மாடி ரூம்ல ஒரு பிரிண்டர வச்சிக்கினு இந்த வேலைய செய்றேன். லீவுக்கு வர்ற இன்ஜினியரிங் பசங்க, ஷூ கம்பெனியில இருக்கிறவங்கன்னு கத்துக்க வந்தவங்க நெறைய பேரு. எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே எடத்துலதான் சறுக்கறாங்க. வந்த ஒடனே அஞ்சு வெரலையும் பிரிண்ட் போட்டு அழகா அடுக்கி வச்சிடறாங்க, உள்ளங்கை பொருந்துதான்னு கடைசியிலதான் பாக்கறாங்க. அது பொருந்தலன்னா அத்தனையும் குப்பை. அதனால இங்க எதுக்கு அப்பால எதுங்கிற வரிசையத்தான் அழுத்திச் சொல்லப் போறேன்.

இது மணிக்கட்டு நல்லா இருந்து, வெரல் இல்லாம, இல்ல உள்ளங்கையில கொஞ்சம் இல்லாம இருக்கிற கைக்கு. பேட்டரி, மோட்டார் எதுவும் கெடையாது. மணிக்கட்டே இல்லாதவங்களுக்கு டிசைனே வேற, இத வச்சி முயற்சி பண்ணாதீங்க.

1. பிரிண்டர் பக்கம் போறதுக்கு முன்ன: என்ன வேலைக்குன்னு கேளுங்க

"கை வேணும்"னு வர்றவங்க கிட்ட "அந்தக் கைய வச்சி மொதல்ல இன்னா செய்யணும்?"னு கேளுங்க. பதில ஒரு நோட்டுல எழுதி வைங்க. இதுல அவசரப்பட்டா பின்னாடி ஒவ்வொரு ஸ்டெப்பும் தப்பாத்தான் போகும்.

எங்கிட்ட ஒரு பாப்பா வந்துது, நாலாவது படிக்குது, எடது கையில பொறக்கும்போதே வெரல் இல்ல. கூட வந்த பாட்டி "அஞ்சு வெரலும் வந்துடும்ல கண்ணு"ன்னு கேட்டாங்க. பாப்பா ரொம்ப நேரம் பேசல, அப்பறம் "கோடு போடறப்போ ஸ்கேலு நகுந்துக்கினே இருக்குதுண்ணா, அது நகராம இருந்தா போதும்"னுச்சு. மடங்கி விரியற வெரலால ஸ்கேல அமுக்கவே முடியாது, வெரல் வழுக்கும். உள்ளங்கைய மூடுற மாதிரி ஒரு மெல்லிசு கவசம், அடியில தட்டையா ரப்பர், அவ்ளோதான் போட்டோம். மூணு மணி நேர பிரிண்ட். அத இன்னிக்கும் போட்டுக்கினு இருக்கா. அஞ்சு வெரல் கை அவளுக்கு வேணும்னு தோணறப்போ அதுவும் போடலாம், ஆனா அது ரெண்டாவதுதான்.

பெரியவங்க விஷயமும் அப்படித்தான். மெஷின்ல வெரல் போனவங்க, கரும்பு ஜூஸ் மெஷின்ல கை மாட்டினவங்கன்னு வர்றாங்க, கட்டை வெரல் ஒண்டி தப்பிச்சிருக்கும். அவங்களுக்குக் கட்டை வெரல் போய் அழுத்தறதுக்கு எதிர்ல உறுதியா ஒரு தடுப்பு இருந்தாலே தட்டு பிடிக்கலாம், லுங்கி மடிக்கலாம், பை தூக்கலாம். அசையாத தடுப்புங்கிறதால ஒடையறதுக்கும் ஒண்ணும் இல்ல.

2. கைய சோதிக்கிறது

மூணு விஷயம் பாக்கணும், மூணுமே பென்சில் பேப்பர் வச்சே பாக்கலாம்.

மொதல்ல மணிக்கட்டு. மேஜை ஓரத்துல முன்கைய வச்சி மணிக்கட்ட கீழ மடக்கச் சொல்லுங்க, ஸ்கூல் பாகைமானிய பக்கத்துல புடிங்க. சுமார் 30 டிகிரியாவது மடங்கணும். ஏன்னா இந்த வகைக் கையில வெரல இழுக்கிற நூல் மணிக்கட்டு மடங்கறதாலதான் இழுபடுது. மடக்கம் பத்தலன்னா வெரல் பாதிதான் மூடும். மடக்கிட்டு உங்க வெரல எதிர்த்துத் தள்ளவும் சொல்லுங்க, மடங்கினா மட்டும் போதாது, பலமும் வேணும்.

ரெண்டாவது, உள்ளங்கை மிச்சம். மணிக்கட்டுக்கு அப்பால பிளாஸ்டிக்கத் தள்றதுக்கு சதையும் எலும்பும் கொஞ்சமாவது இருக்கணும். அது ரொம்பக் குட்டையா இருந்தா மடக்கறப்போ கை உள்ள இருந்து நழுவிடும்.

மூணாவது, தொடு உணர்ச்சி. இத ஒருத்தரும் பாக்கறதே இல்ல, எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் இது. கண்ண மூடச் சொல்லிட்டு, பால் பாயிண்ட் பேனா முனையால மெதுவா ஒரு எடத்துல தொட்டு, எங்க தொட்டேன்னு இன்னொரு கையால காட்டச் சொல்லுங்க. நாலஞ்சு எடத்துல செய்யுங்க. தப்பா காட்டினாலோ, காட்டாமலே இருந்தாலோ அதோட நிறுத்துங்க. நம்ம பக்கம் தொழுநோயால வெரல் தேஞ்சு போன பெரியவங்க இருக்காங்க, கரிகிரி ஆஸ்பத்திரிக்குப் பல வருஷமா போய் வர்றவங்க. அவங்களுக்குப் பிளாஸ்டிக் குத்தினாலும் வலிக்காது, வலி தெரியாததாலதான் புண்ணாகும். அந்த மாதிரி கைக்கு கரிகிரியிலயோ, சிஎம்சி மறுவாழ்வுப் பிரிவுலயோ இருக்கிற தெரபிஸ்ட் கூட உக்காந்து பேசாம ஒரு துண்டு கூட பிரிண்ட் போடாதீங்க.

இது இல்லாத கைக்கும் ஒரு தடவ ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பாத்துட்டா நல்லது. ஆபரேஷன் பண்ண தழும்பு ஆறாம இருந்தா, நரம்பு நுனி சுருக்குன்னு குத்தினா, நமக்கு வெளியில இருந்து தெரியாது.

3. டிசைன் எது

புதுசா வரையாதீங்க. இ-நேபிள்னு உலகம் பூரா தன்னார்வலர்கள் சேந்து பண்ண டிசைனுங்க ஃப்ரீயா கெடைக்குது. மணிக்கட்டு மடக்கினா மூடற வகையில ஃபீனிக்ஸ், ராப்டர் ரீலோடட், கினெடிக் ஹேண்ட் எல்லாம் பல பேரு போட்டு அடிபட்டு சரி பண்ணது. ஒரே ஒரு வெரல்ல பாதி போயிருந்தா, மிச்சம் இருக்கிற மூட்டே ஓட்டற மாதிரி தனி வெரல் டிசைன் இருக்கு. கட்டை வெரல் இருந்து மத்ததெல்லாம் இல்லன்னா, மேல சொன்ன தடுப்பு.

ஃபைல் கூட வர்ற லைசென்ஸ படிச்சிடுங்க. காசுக்கு விக்கக் கூடாதுன்னு போட்ட டிசைன் உண்டு.

4. கையில இருக்க வேண்டிய சாமான்

பிளாஸ்டிக் பத்தி மொதல்ல. பிஎல்ஏ ஈசியா பிரிண்ட் ஆகும், ஆனா 60 டிகிரி கிட்ட வந்தாலே இளகிடும். வேலூர் அக்னி நட்சத்திரத்துல நெழல்லயே 40 தாண்டுது, அப்போ வெயில்ல நிக்கிற பைக் சீட்டோ, கண்ணாடி ஏத்தின காரோ எவ்ளோ சுடும்னு நமக்கே தெரியும். ஒரு அண்ணனுக்குப் போட்ட முன்கை பட்டை பைக் பெட்டியில இருந்து அப்பளம் மாதிரி நெளிஞ்சி திரும்பி வந்துது, அன்னியில இருந்து உள்ளங்கைக்கும் முன்கைக்கும் பிஇடிஜிங்கிற பிளாஸ்டிக்தான். அது 80 டிகிரி வரைக்கும் தாங்கும். வெரலுக்கு பிஎல்ஏ பரவால்ல, வளையற மூட்டுக்கும் வெரல் நுனிக்கும் டிபியு, அது ரப்பர் மாதிரி வளையற பிளாஸ்டிக்.

மழைக் காலத்துல, ஐப்பசி கார்த்திகையில, பிஇடிஜி ஈரம் குடிச்சிடும். பிரிண்ட் ஆகறப்போ பட் பட்னு சத்தம் வந்தா அதுதான். ரோல மூடி போட்ட டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க.

நூலுக்கு பின்னல் தூண்டில் நூல்தான் வேணும். கடையில தங்கூஸ் நரம்பக் குடுப்பாங்க, வேணாம். அது இழுத்தா நீளும், முடிச்சும் வழுக்கும். வெரல் திரும்ப விரியறதுக்கு 1 எம்எம், இல்ல ஒன்றரை எம்எம் எலாஸ்டிக் கயிறு. சில டிசைனுக்கு பல்லுல கம்பி போடறவங்க மாட்டற குட்டி ரப்பர் பேண்ட், அது பல் டாக்டர் சாமான் கடையில பாக்கெட்டா கெடைக்கும்.

உள்ள வைக்கிற மெத்தை, வெல்க்ரோ, லைனிங் தோல் இதுக்கு நாம குடுத்து வச்சவங்க. ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடின்னு எங்க போனாலும் ஷூ மெட்டீரியல் கடை இருக்கு. 3 எம்எம் ஃபோம், ஆட்டுத் தோல் லைனிங், ஒண்ணரை இஞ்ச் வெல்க்ரோ, எல்லாம் ஷூவுக்கு வாங்கற அதே சாமான்தான். ஒண்ணு ஒண்டி கேட்டு வாங்குங்க: குரோம் போட்டு பதப்படுத்தின தோல் சில பேருக்கு வேர்வை பட்டு அரிப்பு, கொப்புளம்னு வரும். பட்டை, கடுக்கா போட்டுப் பதப்படுத்தின தோலுன்னு கேளுங்க. தோல் உடம்போட நாள் பூரா ஒட்டிக்கினு இருக்கப் போவுது, இதுல சிக்கனம் வேணாம்.

5. அளவெடுக்கிறது

கிராஃப் ஷீட்ட மேஜையில ஒட்டி, ரெண்டு கையையும் அது மேல வச்சி, நேர் மேல இருந்து போட்டோ எடுங்க. கிட்ட வந்து எடுக்காதீங்க. கொஞ்சம் தூரமா நின்னு ஜூம் பண்ணி எடுத்தா ஓரம் வளையாது.

இங்கதான் பெரிய தப்பு நடக்குது. செல்ஃபி கேமராவுல எடுத்து அனுப்பற போட்டோ சில போன்ல எடம் வலம் மாறி வரும். அத நம்பி பிரிண்ட் போட்டு, வலது கைக்காரருக்கு எடது கை ரெடி பண்ணி வச்சிருந்த பசங்களப் பாத்திருக்கேன். அதனால கிராஃப் ஷீட்டுலயே பேனாவால "இடது", "வலது"ன்னு எழுதிடுங்க. எழுத்து கண்ணாடியில பாக்கிற மாதிரி எடம் வலம் மாறித் தெரிஞ்சா போட்டோ திரும்பியிருக்குன்னு பாத்த ஒடனே புரியும்.

போட்டோ போதாது, கேலிப்பரும் டெய்லர் டேப்பும் எடுங்க. இந்தக் கையோட உள்ளங்கை அகலம், தடிமன், மணிக்கட்டு ரேகையில இருந்து கை முடியற வரைக்கும் நீளம், மணிக்கட்டு அகலம், முன்கை சுத்தளவு ரெண்டு எடத்துல. நல்லா இருக்கிற கையில வெரல் முட்டி அகலம்.

திருப்பத்தூர், போளூர்னு தூரத்துல இருந்து பஸ் ஏறி வர்றவங்கன்னா அன்னிக்கே அச்சும் எடுத்துடுங்க. பல் டாக்டர் அளவெடுக்கிற ஆல்ஜினேட் பவுடரக் கலந்து ஒரு மக்குல ஊத்தி கைய விட்டு, அது கெட்டியானதும் கைய உருவிட்டு, அந்தக் குழியில மாவுக்கட்டு பவுடர ஊத்தினா அப்படியே அந்தக் கை வந்துடும். அப்பறம் அவங்கள அலைய விடாம நீங்களே பத்து தடவ மாட்டிப் பாக்கலாம்.

6. சைஸ் கணக்கு, அப்பறம் உள்ளங்கை ஒண்டி பிரிண்ட்

கணக்கு சின்னதுதான். உள்ளங்கை அகலம் 62 எம்எம்னு வைங்க. ரெண்டு பக்கமும் 3 எம்எம் ஃபோம், அது 6. காத்துக்கு 2. மொத்தம் 70. ஃபைல் 100 சதவீதத்துல இருக்கறப்போ உள்ளங்கை துண்டோட உள் அகலம் 55னு ஸ்லைசர்ல (ஃபைல பிரிண்டருக்குத் தயார் பண்ற சாஃப்ட்வேர்) அளந்தா, 70ஐ 55ஆல வகுத்தா 1.27, அப்போ 127 சதவீதம். ஃபோம கணக்குல சேக்க மறந்துட்டுத்தான் முக்காவாசிப் பேரு இறுக்கமாப் போடறாங்க.

நல்ல கையோட சைஸும் இதுவும் ஒத்து வரலன்னா, விரல் இல்லாத கை சொல்றதத்தான் கேக்கணும். பாக்க கொஞ்சம் பெரிசா இருந்தாப் பரவால்ல, குத்தினா யாரும் போட மாட்டாங்க.

இப்ப உள்ளங்கை துண்டு ஒண்டி, அதுவும் மட்டமான செட்டிங்ல, வேகமா ஒரு ட்ரையல் போடுங்க. அச்சுலயோ, ஆளு கையிலயோ ஃபோம் வச்சி மாட்டி, மணிக்கட்ட மடக்கச் சொல்லுங்க. மணிக்கட்டு எலும்பு ரெண்டு பக்கமும் முட்டுதா, கை நழுவுதா, மூட்டு ஆணி வர்ற எடமும் அவங்க மணிக்கட்டு மடங்கற எடமும் ஒரே கோட்டுல இருக்குதா, பாருங்க. கோடு தள்ளிப் போனா ஒவ்வொரு மடக்குக்கும் பிளாஸ்டிக் தோல உரசும். எனக்கு சராசரியா ரெண்டு ட்ரையல் ஆவுது, மூணும் ஆயிருக்கு. இது வீண் இல்ல, இந்த உள்ளங்கை சரியா வந்தாதான் மத்த எல்லாம்.

7. முழு பிரிண்ட்

எல்லாத் துண்டுக்கும் ஒரே சதவீதம். உள்ளங்கைய 127ல போட்டுட்டு வெரல 125ல போட்டா ஆணி உள்ளயே போவாது. எதிர்க் கைன்னா எல்லாத்தையும் சேத்து மிரர் பண்ணுங்க.

0.2 எம்எம் லேயர், வெளிச் சுவர் 4 சுத்து, இன்ஃபில், அதாவது உள்ள நிரப்பற அளவு, 30, 35 சதவீதம் போதும். பலம் சுவர்லதான் இருக்கு, இன்ஃபில் 80 வச்சா கனம்தான் ஏறும், குழந்தைக்கு கை வலிக்கும். மூட்டு ஆணிய எப்பவும் படுக்க வச்சிப் போடுங்க, நிக்க வச்சா லேயர் குறுக்க வந்து மொத நாளே படக்குன்னு ஒடையும். நெறைய டிசைன் சப்போர்ட் (அந்தரத்துல வர்ற பாகத்துக்கு அடியில பிரிண்ட் ஆகற முட்டு) இல்லாம வர்ற மாதிரிதான் வரைஞ்சிருப்பாங்க. தேவையில்லாம சப்போர்ட் போட்டா நூல் போற ஓட்டை அடைச்சிடும்.

உள்ளங்கை ஒண்ணுக்கே ஆறேழு மணி நேரம் ஓடும். மாசாந்திர பராமரிப்பு பவர் கட் எந்த நாளுன்னு பாத்துட்டு ஆரம்பிங்க. நடுவுல கரண்ட் போயி திரும்ப அங்கயிருந்தே தொடர்ந்த துண்டு, பாக்க நல்லா இருந்தாலும் அந்த எடத்துல ஒட்டு பலமா இருக்காது. வெரல்னா பரவால்ல, உள்ளங்கைன்னா தூக்கிப் போட்டுட்டு மறுபடி போடுங்க.

8. முன்கை பட்டைய வளைக்கிறது

சில டிசைன்ல முன்கை பட்டை தட்டையா பிரிண்ட் ஆகி வரும், சுடு தண்ணியில இளக்கி வளைக்கணும். பிஎல்ஏன்னா கொதிச்ச தண்ணிய எறக்கி வச்சி கொஞ்சம் ஆறினதும் போதும். பிஇடிஜிக்கு கொதி தண்ணியே வேணும், இல்லன்னா சுடு காத்து அடிக்கிற ஹீட் கன்.

ஆளு கை மேல வச்சி வளைக்காதீங்க, துணி சுத்தியும் வேணாம். சுட்டுடும். முன்கை சுத்தளவுக்கு ஒத்த பிவிசி பைப்ப எடுத்து, பைப்ப சுத்தி துணி சுத்தி அளவுக்குக் கொண்டாந்து, பட்டைய அது மேல அமுக்கிப் பிடிங்க. ஆறற வரைக்கும் விடக் கூடாது.

9. மெத்தையும் வெல்க்ரோவும்

ஃபோம் மேல தோல், தோலோட மழமழப்புப் பக்கம் ஒடம்ப பாத்து. ஓரத்த உள்ள மடிச்சி ஒட்டுங்க, வெட்டின ஓரம் தோல அறுக்கும். ஷூ பசை வாசனை போறதுக்கு ஒரு நாள் முழுக்க காத்தாட வைங்க, மூச்சு முட்டற வாசனையோட குழந்தை கையில மாட்டாதீங்க. வெல்க்ரோவ ஒத்தக் கையாலயே போட்டு எடுக்கற மாதிரி, வாய் வெளிப் பக்கம் வர்ற மாதிரி வைங்க.

10. நூல் கோக்கறது

இதுல அவசரமே கூடாது. மொதல்ல எல்லா நூல் ஓட்டையிலயும் 2 எம்எம் டிரில் பிட்ட கையாலயே திருகி விட்டு எடுங்க. உள்ள பிசிறு இருந்தா நூல் கொஞ்சம் கொஞ்சமா அறுந்து, சரியா ஒரு மாசத்துல கூப்புடுவாங்க.

அடுத்து வெரல மாட்டிட்டு, நூல் எதுவும் இல்லாம நிமித்தி விடுங்க. தன் கனத்துலயே தொப்புன்னு விழணும். விழலன்னா மூட்ட தேச்சி விடுங்க. இறுக்கமான மூட்டோட நூல் கட்டினா, அந்த உரசல ஜெயிக்க மணிக்கட்டுதான் கஷ்டப்படணும்.

எலாஸ்டிக் மொதல்ல, தூண்டில் நூல் அப்பறம். எலாஸ்டிக் வெரல விரிச்சிப் பிடிச்சாதான் இழுக்கிற நூலுக்கு எவ்ளோ நீளம் வேணும்னு தெரியும். எலாஸ்டிக் வெரல நேராக்கற அளவுக்கு இருந்தாப் போதும். புதுசா வர்றவங்க "கிண்ணுன்னு இருக்கட்டும்"னு இழுத்துக் கட்டுவாங்க, போட்டுக்கறவரு அர மணி நேரத்துல கழட்டி வச்சிடுவாரு.

இழுக்கிற நூலக் கட்டறப்போ மணிக்கட்டு நேரா இருக்கணும், வெரல் முழுசா விரிஞ்சிருக்கணும், நூல்ல தொளதொளப்பு இருக்கக் கூடாது. அவ்ளோதான். மடக்கினா நாலு வெரலும் ஒண்ணாக் கிளம்புதான்னு பாருங்க. ஒரு தடி ஸ்கெட்ச் பேனாவ நடுவுல வச்சி மூடுங்க, கட்டை வெரலும் ஆள்காட்டி வெரலும் அதத் தொடணும். தொடற வரைக்கும் நூல இறுக்கற டென்ஷன் ஸ்க்ரூவ அரைத் திருப்பா மாத்திக்கினே போங்க. சரியானதும் முடிச்சு மேல ஃபெவிக்விக் ஒரே ஒரு பொட்டு, ஊசி முனையால. பாட்டில சாய்ச்சி ஊத்தினா மூட்டுக்குள்ள போயி, மொத்த வெரலும் கல்லாயிடும்.

11. மொத மொத மாட்டறது

15 நிமிஷம் போட்டுட்டுக் கழட்டுங்க. தோல் சிவந்திருந்தா எங்கன்னு பேனாவால அப்படியே ஃபோம்ல குறிச்சிக்கோங்க. 20 நிமிஷத்துல சிவப்பு போயிடுச்சின்னா சரி. போகலன்னா அன்னிக்கு வீட்டுக்குக் குடுத்து அனுப்பாதீங்க, அந்த எடத்த ஹீட் கன்ல வெளிப் பக்கம் தள்ளி விட்டு, ஆறினப்பறம் மறுபடி பாருங்க. சரியானா வீட்டுல மொத வாரம் அர மணி, ஒரு மணி நேரம்னு ஏத்தச் சொல்லுங்க. குழந்தைன்னா சாயங்காலம் அம்மா கைய பாக்கணும்.

பழக்கறதுக்கு ஸ்பாஞ்ச், டென்னிஸ் பால், காலி பிளாஸ்டிக் டம்ளர். சூடான டீ டம்ளர், அடுப்பு, பைக் ஆக்ஸிலேட்டர், மெஷின் வேலை, ஏணி, கெணத்துக் கயிறு, இதுக்கெல்லாம் கூடவே கூடாதுன்னு நேரா மூஞ்சியப் பாத்து சொல்லிடுங்க. பிளாஸ்டிக் சூட்டுல இளகும், கனம் தாங்காது, பிடி திடீர்னு விடும். ரொம்பச் சின்னப் பசங்களுக்கு கழண்டு வர்ற ஆணி, ரப்பர் பேண்ட் எல்லாம் வாய்க்குள்ள போற சாமான், மறக்காதீங்க.

இன்னொண்ணு. குழந்தை கைய மாட்டின ஒடனே போன எடுத்து வீடியோ பிடிக்காதீங்க. அது அந்தக் குழந்தையோட கை, அதோட நேரம்.

12. குடுத்ததுக்கு அப்பால

ரெண்டு வாரம் கழிச்சி நீங்களே போன் பண்ணி வரச் சொல்லுங்க, அவங்களா வர மாட்டாங்க. "நீங்க கஷ்டப்பட்டு செஞ்சீங்க, சொல்ல சங்கடமா இருந்துது"ன்னு, குத்தறத சொல்லாமலே அலமாரியில வச்சிடுவாங்க. வந்தா மொதல்ல 1வது ஸ்டெப்புல எழுதின நோட்ட எடுத்து, அந்த வேலைய செஞ்சி காட்டச் சொல்லுங்க.

குழந்தைங்களுக்கு கிட்டத்தட்ட வருஷத்துக்கு ஒரு தடவ சைஸ் மாறும். ரப்பர் பேண்ட் நம்ம வெயில்ல சீக்கிரமே பொடிஞ்சிடும். அதனால குடுக்கறப்பவே ஒரு சின்ன ஜிப் கவர்ல ஆணி ரெண்டு, ரப்பர் பேண்ட் ஒரு இருபது, ஒரு மீட்டர் நூல், வெல்க்ரோ ஒரு துண்டு போட்டுக் குடுங்க, மாட்டறதயும் அவங்க கையாலயே ஒரு தடவ செய்ய வைங்க. உள்ளங்கை துண்டுக்கு உள் பக்கம், ஃபோம் ஒட்டறதுக்கு முன்னாடியே, மார்க்கர்ல டிசைன் பேரு, இடது, 127, தேதி இத எழுதி விட்டுடுங்க. ரெண்டு வருஷம் கழிச்சி வேற எவனோ ஒருத்தன் பிரிச்சிப் பாக்கறப்போ அவனுக்கு எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு தெரியும்.